ஒற்றைக் கதவு

மகனே,

உன் கார்டு போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. நீயும் மருமகளும் சுகம் என்று அறிந்தேன். நானும் சுகந்தான், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நீ எழுதியது மொத்தம் ஆறு வரி. அதற்கு இத்தனை தாளில் பதில் வருவதைப் பார்த்தால், அப்பா மறுபடியும் யார் மேலோ மனு எழுத ஆரம்பித்துவிட்டார் என்று உனக்குத் தோன்றும். இது மனு இல்லை. மனு எழுதுவதற்கென்று வாங்கி வைத்திருந்த தாள், அவ்வளவுதான். இந்த உலகச் சண்டைக் காலத்தில் வேறு தாள் கிடைக்கவில்லை. மனுக்களை எழுதுவதில்லை என்று முடிவு செய்து பத்து நாள் ஆகிறது. ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

திருவிழாவுக்கு வருகிறோம், தேவாரத்தில் பெரியப்பா வீட்டில் தங்குகிறோம், ஒரு நாள் சின்னமனூருக்கு வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். அத்தோடு விட்டிருந்தால் நான் வழக்கம்போல் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் கீழே இன்னொரு வரி சேர்த்திருந்தாய். "உங்கள் வீட்டில் இடம் இல்லை என்பதற்காக அல்ல, அவளுக்கு அலைச்சல் குறையும் என்பதற்காக." நான் இருபது வருடம் பூகோளம் சொல்லிக் கொடுத்தவன். மதுரையிலிருந்து கரியில் ஓடி வருகிற பஸ்ஸில் தேனி தாண்டி நேரே வந்தால் சின்னமனூர். தேவாரத்துக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கி, வேறு வண்டிக்குக் காத்திருந்து, இன்னும் ஒன்றரை மணி நேரம் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். அலைச்சல் எந்த ஊருக்கு என்பது உனக்கும் தெரியும். என் மனம் நோகக் கூடாது என்று ஒரு பொய் எழுதியிருக்கிறாய். யாரும் என்னிடம் அவ்வளவு அக்கறையாகப் பொய் சொல்லி வெகு காலம் ஆயிற்று. அதனால்தான் அது உள்ளே போய்த் தைத்தது.

மருமகளுக்கு இந்த வீடு தெரியாது. அவளும் இதைப் படிப்பாள் என்று வைத்துக்கொண்டு, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பத்து நாளைக்கு முன்பு வரை நம் வீட்டு முன்கூடத்தில் என்ன இருந்தது என்று சொல்கிறேன். வாசலுக்குள் கால் வைத்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு பெரிய கதவு சாய்ந்திருந்தது. மாட்டிய கதவு அல்ல. சும்மா சாய்த்து வைத்த ஒற்றைக் கதவு. தேக்கு, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம், பித்தளைக் குமிழ் வரிசை வரிசையாக அடித்தது. வலது பக்கம் ஒரு கரும்பலகையும் அதை நிறுத்துகிற முக்காலியும். அதன் கீழே சுருட்டிய தேசப்படங்கள், நடுவே நசுங்கிப்போன ஒரு பூகோள உருண்டை. நடுக்கூடத்தில் நான்கு கல்லின் மேல் ஊஞ்சல் பலகை ஒன்று. சங்கிலி கிடையாது, பலகை மட்டும். பலகையின் மேல் பத்திரிகைக் கட்டுகள் உத்தரம் எட்டும் அளவுக்கு. இடையிடையே காலி மண்ணெண்ணெய் டின்கள், கம்பி போன குடைகள், கயிறு அறுந்த ஒரு நாற்காலி. இவற்றுக்கு நடுவே அடுப்படிக்குப் போக ஒரு வழி. அந்த வழியில் இரண்டு பேர் எதிர் எதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும்.

கதவின் கதையை மருமகளுக்குச் சொல்லிவிடுகிறேன். நீ நான்கு வயதுப் பையனாக இருந்தபோது உன் பெரியப்பாவுக்கும் எனக்கும் பாகப் பிரிவினை நடந்தது. தேவாரத்துப் பழைய வீடு அவருக்கு. வயலில் ஒரு பங்கும், சின்னமனூரில் வீடு கட்டிக்கொள்ள மனையும் எனக்கு. அதில் எனக்கு வருத்தம் இல்லை. எல்லாம் முடிந்து வெற்றிலை மாற்றப் போகிற நேரம், வீட்டு வாசலின் இரட்டைக் கதவு எனக்குப் பிடிக்கும், புது வீட்டுக்கு அதைத் தரலாமே என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். உன் பெரியப்பா ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் முன்னால் சிரித்துக்கொண்டே, "படிச்சவனுக்கு எதுக்குலே கதவு? புத்தகத்த அடுக்கி வாசல மறச்சுக்கிட மாட்ட?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. "அப்ப ஆளுக்கு ஒண்ணு. ஒங்களுக்கு ஒத்தக் கதவு, எனக்கு ஒத்தக் கதவு" என்றேன். பெரியவர்களில் ஒருவர், "தம்பி, நெலைய நடுவுல அறுத்துத் தரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நான் இறங்கவில்லை. கதவுக்குப் பிறகு ஊஞ்சலுக்குப் போனோம். அவர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கதவையும் பலகையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும்போது, பாதி வழியில் மெதுவாகக் கேட்டாள். "அந்தப் பலகையில எங்கன உக்காந்து ஆடப்போறீக?"

அவள் அப்படியும் வீடு கட்டும்போது, ஆசாரியிடம் சொல்லி, கூடத்து உத்தரத்தில் நான்கு இரும்பு வளையம் அடித்து வைத்திருந்தாள். என்றைக்காவது சங்கிலி வரும் என்று. எனக்கு அது தெரியும். கேட்டால் அண்ணனிடம் போய் நிற்கச் சொல்வாளே என்று தெரியாததுபோல் இருந்தேன். பிறகு அந்த வளையங்களில் கயிறு கட்டிப் பழைய பத்திரிகைகளைத் தொங்கவிட்டேன்.

மற்றச் சாமான்களும் இதே ரகந்தான். கரும்பலகையும் தேசப்படங்களும் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு என் கைக்காசில் வாங்கிப் போட்டவை. தலைமை வாத்தியார் இடம் காலியானபோது, எனக்குப் பின்னால் சேர்ந்தவரை, அதிலும் ஆஸ்திரேலியாவைப் படத்தில் தேடிக் கண்டுபிடிக்கிறவரை, மேலே ஏற்றினார்கள். நான் வேலையை விட்டேன். விட்டவன் சும்மா வரவில்லை. என் சாமான்களைக் கழற்றிக்கொண்டு வந்தேன். பையன்கள் சுவரில் வெறும் ஆணியைப் பார்த்துப் பூகோளம் படித்திருப்பார்கள். பத்திரிகைக் கட்டுகள், நான் எழுதிய கடிதம் ஒன்று ஒரு தடவை அச்சில் வந்ததிலிருந்து ஆரம்பித்தவை. அடுத்தது எப்போது வரும் என்று ஒரு தாளையும் போட மனமில்லை. அடுத்தது வரவேயில்லை. போடாத பத்திரிகைக்காரர்கள் மேல் உள்ள கோபத்தில் அவர்கள் அச்சடித்ததையெல்லாம் சேர்த்து வைத்தேன். இதை எழுதும்போது எனக்கே இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. செய்துகொண்டிருந்த காலத்தில் ஒழுங்கு என்று நினைத்தேன்.

உன் அம்மா சண்டை போடுகிறவள் இல்லை. நல்ல நாள் பொழுதில் யாராவது வந்து, வாசலிலேயே நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிய பிறகு மட்டும் ஏதாவது சொல்வாள். ஒரு பொங்கலுக்கு அவள் தங்கை வீட்டார் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். அன்றைக்குச் சொன்னாள்: "யாரு வந்தாலும் வாங்கன்னு வாய் நெறையச் சொல்றீக. நான் இல்லேங்கல. உக்காருங்கன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. என்னைக்காச்சும் சொல்லியிருக்கீகளா, யோசிச்சுப் பாருங்க." நான் யோசித்துப் பார்க்கவில்லை. "வரவங்க எல்லாம் உக்கார வேண்டிய ஆளுகளா?" என்று கேட்டேன். அவள், "ஒரு பாய் விரிக்கிற எடம். அம்புட்டுத்தான கேக்குறேன்" என்றாள். நம் பக்கத்தில் வந்தவருக்குப் பாயை உதறி விரிக்கிற சத்தம்தான் உபசாரத்தின் முதல் வார்த்தை. அந்தச் சத்தம் நம் வீட்டில் கேட்டதே இல்லை. பாய் இருந்தது. சுருட்டியபடியே பரணில் இருந்தது.

அடுத்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதை எழுதாமல் மற்றதை எழுதிப் பயனில்லை. ஆறு வருடத்துக்கு முன் கார்த்திகையில் உன் அம்மா குளிர்காய்ச்சலில் படுத்தாள். முன்கூடத்தில் காற்று வரும். ஆனால் படுக்கப் போட இடமில்லை. அடுப்படிக்கும் கொல்லைக் கதவுக்கும் நடுவே உள்ள சந்தில் படுத்திருந்தாள். தெருப் பெண்கள் வாசலில் நின்று, கட்டுகளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "எப்படி இருக்காக?" என்று என்னைக் கேட்பார்கள். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக் கேட்க யாருக்கும் வழியில்லை. பதினோராம் நாள் காலையில் அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு தெருக்காரர்கள் என்னைக் கேட்கவில்லை. பத்துப் பேர் உள்ளே வந்து, பலகை, கட்டு, டின், கதவு எல்லாவற்றையும் தூக்கி வெளியே வைத்தார்கள். எனக்கு அவ்வளவு வருடம் முடியாதது அவர்களுக்கு அரை மணி நேரத்தில் முடிந்தது. தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினார்கள். அப்போது ஒரு அம்மாள், "ஆத்தாடி, இம்புட்டுப் பெரிய கூடமா இது!" என்றது என் காதில் விழுந்தது. அந்தக் கூடத்தின் நடுவில் பரணிலிருந்து எடுத்த பாயை உதறி விரித்து உன் அம்மாவைக் கிடத்தினார்கள். அவள் கேட்ட இடம், அவள் கேட்ட அதே அளவு.

அதோடு நான் திருந்தியிருந்தால் இந்தக் கடிதம் தேவையில்லை. காரியம் முடிந்து பதினேழாம் நாள், வெளியே பனியில் கிடக்கிற சாமான்களை உள்ளே வைக்க வேண்டும் என்று உன்னைக் கூப்பிட்டேன். உனக்குப் பதினாறு வயது. கதவின் ஒரு முனையை நீ பிடித்தாய், மறுமுனையை நான் பிடித்தேன். நிலைப்படி தாண்டியதும் நின்று, "எங்கனப்பா வைக்க?" என்று கேட்டாய். "இருந்த எடத்துலயே" என்றேன். நீ என்னைப் பார்த்தாய். உன் முனையை மெதுவாகக் கீழே இறக்கி வைத்தாய். போடவில்லை, இறக்கி வைத்தாய். வெளியே போனாய். மீதியை நான் தனியாகவே இழுத்து வைத்தேன். எந்தக் கட்டு எங்கே இருந்ததோ அங்கேயே வைத்தேன். அடுத்த ஆனியில் நீ மதுரைக்குப் படிக்கப் போனாய். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வந்த நாட்களை நான் விரல் விட்டுச் சொல்லிவிடலாம். பெரியப்பா உன்னை இழுத்துக்கொண்டார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் இழுக்கவில்லை. அந்தக் கதவின் முனையை இறக்கி வைத்த இடத்தில்தான் நீ என்னையும் விட்டுவிட்டுப் போனாய்.

உன் மாமனார் பெரியகுளத்திலிருந்து சம்பந்தம் பேச வந்த அன்று நடந்ததும் உனக்கு முழுதாகத் தெரியாது. அவர் முறைப்படி முதலில் என்னிடம்தான் வந்தார். கையில் பழத் தாம்பாளம், கூட ஒரு உறவுக்காரர். "வாங்க, வாங்க" என்றேன். ஒரு காலை உள்ளே வைத்தவர் மறுகாலை எங்கே வைப்பது என்று பார்த்தார். நான் ஒரு டின்னை நகர்த்தினேன். அதன் பின்னால் இன்னொரு டின் இருந்தது. அவர் நல்ல மனிதர், "இருக்கட்டுங்க, பஸ்ல உக்காந்துதான வந்தோம்" என்றார். நின்றபடியே தண்ணீர் குடித்தார். பழத் தாம்பாளத்தைப் பத்திரிகைக் கட்டின் மேல் வைத்தார். வைத்த இடம் சரிந்து இரண்டு பழம் உருண்டு எங்கோ போயிற்று. மூன்றாம் நாள் வாசனையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அவர் மறுநாள் தேவாரத்துக்குப் போனார். அங்கே பாய் விரித்தார்கள், உட்கார்ந்தார், பேச்சு முடிந்தது. அண்ணன் என் தலைக்கு மேலே போய்ச் சம்பந்தம் முடித்தார் என்று கல்யாணப் பந்தியில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து உங்கள் எல்லோரையும் சங்கடப்படுத்தினேன். உண்மை என்னவென்றால், பெண்ணைக் கொடுக்கிறவர் உட்கார்ந்துதான் பேசுவார். உட்கார இடமுள்ள வீட்டில் பேசினார்.

உன் கார்டு வந்த அன்று மத்தியானம் முழுதும் அந்தச் சங்கிலி இல்லாத பலகையின் ஓரத்தில், கட்டுகளுக்கு இடையே, அரைப் பிருஷ்டத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு சாமானைக் கையில் எடுத்து, இது எதற்கு என்று கேட்டுப் பார்த்தேன். குடை எதற்கு? மழைக்கு. கம்பி இல்லை, ஆகவே மழைக்கு இல்லை. அப்படியானால் எதற்கு? பழுது பார்ப்பதாகச் சொல்லி ஏமாற்றிய ஒரு குடைக்காரனைச் சந்தையில் பார்த்தால் முகத்துக்கு நேரே காட்டுவதற்கு. அடுத்தது கரும்பலகை. அதுவும் யாருக்கோ காட்டுவதற்கு. இப்படியே கேட்டுக்கொண்டு போனால் பாதிக்கு மேல், எதற்கு என்று கேட்டதற்கு யார் மேல் கோபம் என்றுதான் பதில் வந்தது. ஒரு வீடு முழுக்கச் சாட்சிகளைக் கூட்டி உட்கார வைத்திருந்தேன். வழக்குக் கேட்க நீதிபதிதான் வரவில்லை. சாட்சிகள் உட்கார்ந்ததால் விருந்தாளிகள் நின்றார்கள்.

மறுநாள் ராயப்பன்பட்டி சூசையின் வண்டியைப் பேசினேன். உனக்கு அவரைத் தெரியும், வாய் ஓயாதவர். வாசலில் நின்று உள்ளே பார்த்து, "வாத்தியாரய்யா, இத்தன நாளும் வீட்டுக்குள்ள இருந்தீகளா, இல்ல கொடவுனுக்குக் காவல் இருந்தீகளா?" என்று ஆரம்பித்தார். கரும்பலகையையும் படங்களையும் அவர் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டேன். உருண்டையைப் பார்த்து, "இதுல நம்ம ஊரு எங்கனய்யா இருக்கு?" என்றார். தொட்டுக் காட்டினேன். சரியாக அந்த இடத்தில்தான் நசுங்கியிருந்தது. "அதான் நம்மள யாருக்கும் தெரியல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்திரிகைகள் கடைத்தெருவுக்குப் போயின. காகிதத்துக்கு இப்போதிருக்கிற பஞ்சத்தில் கடைக்காரர் இரண்டு கையும் நீட்டி வாங்கினார். என் கடிதம் வந்த இதழை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேனா என்று நீ கேட்பாய். வைத்துக்கொண்டேன். ஒரு டிரங்குப் பெட்டி கொள்கிற அளவுக்கு என் கோபங்களை வைத்துக்கொண்டேன். அது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதற்கு மேல் சேர்ந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

கடைசியில் கதவு மட்டும் நின்றது. அதை விறகுக்குப் போடலாம், விற்கலாம். இரண்டுக்கும் மனம் வரவில்லை. "இதோட ஜோடி எங்கனய்யா இருக்கு?" என்று சூசை கேட்டார். தேவாரத்தில் என்றேன். "அப்ப அங்கன கொண்டுபோய் விட வேண்டியதுதான? வண்டி எப்படியும் பூட்டித்தான் இருக்கு" என்றார். அவருக்கு அது ஒரு வண்டிச் சவாரி. பதினெட்டு வருடம் நான் சுற்றி வந்த இடத்துக்கு அவர் நேர்வழி சொல்லிவிட்டார். கதவைக் கிடத்தி அதன் மேலேயே நான் உட்கார்ந்துகொண்டேன். மேற்கே மலை முழுதும் மேகம் இறங்கியிருந்தது. வழி நெடுக என்ன பேசுவது என்று வாக்கியம் வாக்கியமாக அமைத்துக்கொண்டு போனேன். எல்லாம் நல்ல வாக்கியங்கள். எல்லாவற்றிலும் அவருடைய குற்றமும் ஒரு ஓரத்தில் வந்துவிட்டது.

தேவாரத்து வீட்டு வாசலில் ஒரு பக்கம் பழைய தேக்குக் கதவு, மறுபக்கம் பலாப் பலகை அடித்த கதவு. நான் கண்டிப்பாக இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவேன் என்று பதினெட்டு வருடம் நினைத்திருந்தேன். பார்த்தபோது ஒரு கண்ணுக்குக் கட்டுப் போட்ட ஆள் மாதிரி இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். கூடத்து நடுவில் உத்தரத்திலிருந்து நான்கு சங்கிலி தொங்கியது. பலகை இல்லை. வெறும் சங்கிலி. அதில் மதினியின் ஈரச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் நீ அங்கே எத்தனை தடவை போயிருப்பாய், இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேனோ அதையேதான் அன்று நினைத்தேன். இவரும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

உன் பெரியப்பா வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அமைத்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. "மகன் வாறான், எடம் வேணும். அதான்" என்றேன்.

"ஏலே, எடம் வேணும்னா இங்கன கொண்டாந்து போடுவியா? என் வீடு என்ன, சத்திரமா?" என்றார். ஆனால் சொல்லிக்கொண்டே வண்டிக்கு வந்து மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேருமாக இறக்கினோம். அவருக்கும் முழங்கால் சரியில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பலாக் கதவைக் கழற்றி, நம் கதவை நிலையின் பழைய குடுமிக்குழியில் நிறுத்தினோம். நின்றது. ஆனால் கீழே மூன்று விரல் சந்து. கூடத்துத் தரையில் அத்தனை வருடம் நின்றதில் அடிப்பக்கம் கரையான் அரித்து, நான் கவனிக்காமலே கதவு குட்டையாகிவிட்டிருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கோழி அந்தச் சந்தில் குனிந்து உள்ளே போயிற்று.

"பாத்தியா, ஒன் பாகத்துல கோழி வருது" என்றார் உன் பெரியப்பா.

"படிச்சவன் வச்சிருந்த கதவு. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அந்தப் பேச்சு ஞாபகம் இருக்கிறதா என்று நான் பார்த்தேன். இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு குமிழைத் துடைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து மதினி வந்து, "வாங்க கொழுந்தனாரே. உக்காருங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பாயை உதறி விரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். காப்பி வந்தது. குடித்து எழுந்திருக்கும்போது மதினி சங்கிலியைக் காட்டி, "கதவு வந்துருச்சுல்ல. இதக் கழட்டிக்கிட்டுப் போங்க. பதினெட்டு வருசமா கூட்டிப் பெருக்கக் குனிஞ்சு நிமிந்தா மண்டையில இடிக்குது. ஒங்க அண்ணனுக்கு வீம்பு, எனக்கு வீக்கம்" என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியப்பா ஒரு ஏணி எடுத்துக்கொண்டு வந்தார்.

மகனே, நான் உன் பெரியப்பாவை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் இல்லை. அவர் அன்று சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் மன்னித்த பிறகுதான் கதவைக் கொடுக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது தப்பு. இரண்டும் வேறு வேறு வேலை. மனம் சுத்தமாகட்டும், பிறகு வீட்டைச் சுத்தம் செய்யலாம் என்று காத்திருந்தால் இரண்டும் நடக்காது. தரையைக் கூட்டுவது கையால் ஆகிற காரியம். அதை முதலில் செய்துவிடலாம். இதை ஐம்பது வயதில், மனைவியைச் சந்தில் படுக்கப் போட்ட பிறகு, தெரிந்துகொண்டேன். நீங்கள் மதுரையில் ஒற்றை அறையில் குடித்தனம் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். சீர் சாமான்களெல்லாம் வந்து இறங்கியிருக்கும். அவற்றில் எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பி அனுப்புவது என்று நான் சொல்ல முடியாது. முதலில் அறையின் நடுவே பாயை விரித்து, நீங்கள் இருவரும் அதில் உட்காருங்கள். அந்தப் பாய்க்கு வெளியே மிச்சமிருக்கிற இடத்தில் எது அடங்குகிறதோ அதுதான் உங்கள் சாமான். பாயின் மேல் எது ஏறினாலும், அது தங்கமே ஆனாலும், யார் கொடுத்ததானாலும், அல்லது யாரும் கொடுக்காமல் நீங்கள் பிடுங்கியதானாலும், வெளியே போக வேண்டியது. இன்னொன்று. உங்களுக்குள் சண்டை வரும். வரட்டும். சண்டைக்கு ஞாபகமாக ஒரு பொருளையும் எடுத்து வைக்காதீர்கள். சண்டை தானாகத் தேய்ந்துவிடும். பொருள் தேயாது, தேய்ந்தாலும் என் கதவு மாதிரி கோழி போகிற அளவுக்குத்தான்.

இப்போது கூடம் காலியாக இருக்கிறது. கதவு சாய்ந்திருந்த சுவரில் கதவின் அச்சு அப்படியே வெள்ளையாகத் தெரிகிறது. சுற்றியுள்ள சுவர்தான் அழுக்கு. சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். பலகையைக் கழுவி எண்ணெய் தடவி, உன் அம்மா அடித்து வைத்த வளையத்தில் சங்கிலியைக் கோத்து ஊஞ்சலை மாட்டிவிட்டேன். சூசை மட்டும் ஒரு தடவை உட்கார்ந்து ஆடிப் பார்த்து, தாங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் உட்காரவில்லை. அதில் முதலில் உட்கார வேண்டியவள் உட்காரவில்லை. ஆகவே நான் முந்திக்கொள்வது சரியாகப் படவில்லை. மருமகள் வந்தால் அவள் உட்காரட்டும்.

தேவாரத்தில் தங்குவதாகப் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டாய், அதை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. அங்கேயே தங்குங்கள், மதினி நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள், ராத்திரி கோழிக்கு மட்டும் சந்தில் ஒரு பலகையை வைத்து அடைக்கச் சொல். ஆனால் பஸ் எப்படியும் சின்னமனூரில் நிற்கும். அடுத்த வண்டி வருகிறவரை நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தைத் தெருவில் நின்று கழிக்காமல் வீட்டுக்கு வாருங்கள். நான் வாசலில் இருப்பேன். வாங்க என்று சொல்வேன். அது எனக்குப் பழக்கந்தான். அதற்கு அடுத்த வார்த்தையைத்தான் இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இந்தப் பத்து நாளாகக் காலையில் பாயை உதறி விரித்து, ஆளில்லாத கூடத்தில், சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா